ரத்தத்தில் வந்ததல்ல

கார் வந்து நின்றபோது செவ்வந்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து ட்ரம்பெட்டுக்குள் தேங்கியிருந்த எச்சில் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். சுரங்க டவுன்ஷிப்பின் கார்கள் அதன் நுழைவாயில் ஆர்ச்சைத் தாண்டி இந்தக் காலனிக்கு வருவது அபூர்வம். சுரங்கத்து மண்மேட்டுக்குக் கீழே, தூசி அடங்காத தெரு. காரிலிருந்து இறங்கிய விஜயகுமாரி மேடம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, உடனே அது தப்பாகப் படுமோ என்று எடுத்துவிட்டுச் சிரித்தார்.

அவர் டவுன்ஷிப்பில் பெண்கள் நடத்தும் ஒரு கலை மன்றத்தின் செயலாளர். கணவர் சுரங்கத்தில் என்ஜினியர். மன்றத்தின் ஆண்டு விழாவில் இசை கற்கும் பிள்ளைகள் சிலரைக் கௌரவிக்கப்போகிறார்கள், ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு சின்ன வீடியோ காட்டுவார்கள். பள்ளிக்கூட பேண்டுக்குப் பொறுப்பான பி.டி. மாஸ்டர் ராஜ்மோகன் செவ்வந்தியின் பெயரைக் கொடுத்திருந்தார். பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கும் ஒரே பெண் அவள்தான். ப்ளஸ் ஒன் படிக்கிறாள்.

கேமராக்காரர் அவளை வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.

"இசை மேல உனக்கு ஆர்வம் எப்படிம்மா வந்துச்சு?" என்று விஜயகுமாரி கேட்டார்.

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. செவ்வந்திக்குக் காது சூடானது. ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை.

ஆறாவது படிக்கும்போது குடியரசு தினத்துக்கு வரும் விருந்தினருக்கு மிட்டாய்த் தட்டு ஏந்தி நிற்க அவளை விட்டிருந்தார்கள். பக்கத்தில் பேண்ட். கொடி ஏறும்போது ஒரு அண்ணன் ட்ரம்பெட்டைத் தூக்கி ஊதினான். சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் எவர்சில்வர் தட்டு வழியாக விரலில் ஏறியது. தட்டு அதிர்ந்தது, அவள் பல் கூசியது. விருந்தினர் மிட்டாய் எடுக்கக் கை நீட்டியதுகூடத் தெரியாமல் நின்று டீச்சரிடம் திட்டு வாங்கினாள். மறுநாளே ராஜ்மோகன் சாரிடம் போய்க் கேட்டாள். பொம்பளைப் பிள்ளைக்கு ட்ரம்பெட் எதற்கு, உதடு வீங்கிப் போகும் என்று சொல்லி அவர் ஜால்ராத் தட்டைக் கையில் கொடுத்தார். அதைத் தட்டிக்கொண்டே ட்ரம்பெட் வாசிப்பவர்களின் கன்னத்தையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உடைசல் என்று ஒதுக்கிய ட்ரம்பெட் ஒன்று ஸ்டோர் ரூமில் கிடந்தது. அதன் வாய்ப்பகுதியை மட்டும் சாரிடம் கெஞ்சி வாங்கிவந்து, உதட்டை இறுக்கி ஈ முரலுவதுபோல் ஊதிப் பழகினாள். ஒரு வருஷம் கழித்து சாரே முழு ட்ரம்பெட்டைக் கொடுத்து, ஸ்வரம் பிடிக்கக் காட்டினார். முதலில் வந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அம்மாவின் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, மண்மேட்டுப் பக்கம் போய் நின்று ஊதினாள். பத்தாவது பரீட்சைக்கு உதடு வெடித்து ரத்தம் கட்டிய வாயோடுதான் போனாள்.

"மேல் ஸ்தாயி சா ஒழுங்கா புடிக்கவே எனக்கு ரொம்ப நாளாச்சி மேடம். இப்பவும் காலையில குளுரா இருந்தா நழுவிப் போவும்" என்று முடித்தாள்.

"ரொம்ப அருமை" என்றார் விஜயகுமாரி. பிறகு கூச்சத்தோடு ஓரமாக நின்றிருந்த செவ்வந்தியின் அப்பா கலியனிடம் திரும்பினார். கலியன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் கரியை அள்ளும் கான்ட்ராக்ட் தொழிலாளி.

"உங்கப்பா பறை அடிப்பாரு, இல்லையா?"

கலியன் கொஞ்சம் தாமதித்தார். "அடிச்சாரு மேடம். கூப்டா போயாவணும்."

"அதான் பாருங்க. ரத்தத்துல இருக்கு." விஜயகுமாரியின் முகம் மலர்ந்தது. கேமராக்காரர் காரிலிருந்து ஒரு பறையை எடுத்து வந்தார். "சும்மா ஒரு ஷாட்டுக்கு. பிடிச்சுக்கம்மா."

"அது வாணாம் மேடம். அவளுக்கு அத்த வாசிக்கத் தெரியாது" என்றார் கலியன்.

"வாசிக்க வேண்டாம் அண்ணே, பிடிச்சா போதும்."

வீட்டுக்கு வந்தவரை எப்படி மறுப்பதென்று செவ்வந்திக்குத் தெரியவில்லை. பிடித்தாள். கேமரா அவளைச் சுற்றி வந்தது.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை, டவுன்ஷிப்பில் ஒரு ஹாலில். கலியன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அம்மா வீரம்மாளும் வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். மன்றத்துப் பெண்கள் முன்வரிசையைக் காட்டியும் கேட்காமல் இருவரும் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள்.

முதலில் வயலின் வாசிக்கும் சண்முகப்ரியாவின் வீடியோ. சின்ன வயதில் சித்தி வீட்டில் வயலின் கேட்டு அடம்பிடித்தது, விடியற்காலைப் பயிற்சி, விரல் நுனியில் காய்த்த தழும்பு எல்லாம் வந்தன. அந்தப் பெண் தழும்பைக் காட்டிச் சிரித்தபோது செவ்வந்தி தன் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். நல்ல பெண், நன்றாகவும் வாசித்தாள்.

அடுத்து அவளுடையது. மண்மேடு வந்தது. பறையைப் பிடித்தபடி அவள் வந்தாள். கனமான ஆண் குரல் பேசியது: "சாவு வீடுகளில் தாத்தா அடித்த பறை, பேத்தியின் நாடிகளில் ஒலிக்கிறது. முறையான பயிற்சி ஏதுமில்லை. யாரும் கற்றுத்தரவில்லை. இது அவள் ரத்தத்தில் ஓடும் தாளம்."

மிட்டாய்த் தட்டு இல்லை. ஈ முரலுவது இல்லை. வெடித்த உதடு இல்லை. வேப்பமரத்தடியில் அவ்வளவு நேரம் அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூட இல்லை. வாய் அசைந்தது, மேலே அந்த ஆளின் குரல்தான் ஓடியது.

கூட்டம் பலமாகக் கை தட்டியது. செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்து நாற்காலிக்காரர் அவரை உற்றுப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

சண்முகப்ரியா பாடுபட்டுக் கற்றவள். நான் மட்டும் செடியில் காய் காய்த்ததுபோல் தானாக வந்துவிட்டேனா?

மேடைக்குக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். இனி வாசிக்க வேண்டும். அவள் மைக்கைக் கையில் வாங்கினாள்.

"அதுல சொன்னது எதுவும் நான் சொல்லலங்க" என்றாள். "எங்க தாத்தா நான் பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டாரு. அவரு அடிச்சி நான் கேட்டதில்ல. நான் அஞ்சு வருசமா கஷ்டப்பட்டுக் கத்துக்கினு இருக்கேன். அத்தயெல்லாம் எடுத்துட்டு ரத்தம்னு போட்டுட்டீங்க. வீடியோவ மாத்துங்க. அப்பறம் வந்து வாசிக்கறேன்."

விஜயகுமாரி சிரித்தபடியே மைக்கை வாங்கி, "சின்னப் பொண்ணு, பதட்டத்துல பேசுது" என்றார். செவ்வந்தி பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினாள். அன்று அவள் வாசிக்கவில்லை.

திங்கட்கிழமை ராஜ்மோகன் அவளைப் பி.டி. ரூமுக்குக் கூப்பிட்டார்.

"உன்னைப் பெருமைப்படுத்தத்தானே செஞ்சாங்க? எவ்வளவு பெரிய ஆளுங்க முன்னாடி என் மானத்த வாங்கிட்ட."

"யாருமே சொல்லித் தரலன்னு போட்டாங்களே சார். ஸ்வரம் பிடிக்க மொதல்ல காட்டினது நீங்கதான். உங்களையுந்தான் எடுத்துட்டாங்க. உங்களுக்குக் கோவம் வரலியா?"

அவர் அவள் கையிலிருந்த ட்ரம்பெட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அதைவிட மோசம் காலனியில் காத்திருந்தது. பெரியப்பா மகன் இனியன், விருத்தாசலத்தில் கல்லூரியில் படிப்பவன், தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டான். அவன் பறைக் குழு ஒன்றில் ஆடி அடிப்பவன். மேடைப் பேச்சை யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள்.

"பற ஒனக்கு அசிங்கமாப் பூடுச்சா? நாங்க ஊரூராப் போயி இது எங்க பெருமன்னு அடிச்சிகினு இருக்கோம். நீ மேடையில ஏறி எனக்கும் அதுக்கும் சம்மந்தமில்லன்றியா?"

"அசிங்கம்னு நான் சொன்னனா?" செவ்வந்தியும் விடவில்லை. "நீ எப்டிண்ணா கத்துக்கின?"

"கடலூர்ல கேம்ப் போயி."

"கை வீங்கலியா?"

"வீங்குச்சி. சோறு பெசைய முடியல, அம்மாதான் ஊட்டுச்சி."

"நாளைக்கி ஒருத்தன் வந்து, ஒனக்கென்னா, நீ அந்த ஜாதி, தானா வந்திருக்கும்னு சொன்னா சும்மா வுடுவியா?"

இனியன் "அதுக்கில்ல..." என்று இழுத்தான். பிறகு, "வுட மாட்டன்" என்றான்.

மன்றத்தின் அந்த வீடியோ இணையத்திலும் ஏறியிருந்தது. கன்வேயர் பக்கத்தில் கூட வேலை செய்பவர்கள் அதை கலியனிடமே காட்டினார்கள். அவர் மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு, "வா பாப்பா" என்று மகளைக் கூட்டிக்கொண்டு விஜயகுமாரியின் குவார்ட்டர்ஸுக்குப் போனார். விஜயகுமாரி உள்ளே வரச் சொன்னார். கலியன் வெராண்டாவிலேயே நின்றார்.

"அந்த வீடியோவ எடுத்துடுங்க மேடம்."

"நல்ல எண்ணத்துலதான் செஞ்சோம் அண்ணே. உங்க கலைய நாங்க மதிக்கிறோம்."

"எங்கப்பா அத்த ஆசப்பட்டு அடிச்சாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" கலியன் குரலை உயர்த்தவில்லை. "காய்ச்சல்ல படுத்துகினு இருந்தப்ப ஊர்ல ஒரு சாவு. எழுந்திரிக்க முடியலன்னாரு. வூட்டுக்கே வந்து இழுத்துகினு போனாங்க. அடிச்சிட்டு வந்து வாசல்ல குந்திகினு அழுதாரு. நான் பாத்தன். நீங்க அத்த ரத்தம்ன்றீங்க. அவுருக்குப் புடிக்குமா புடிக்காதான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. எம் பொண்ண நீங்க கேட்டீங்க. அது வாய் வலிக்கச் சொல்லுச்சி. அத்தக்கூட வெக்கலியே மேடம்."

செவ்வந்தி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கதையை அவள் கேட்டதேயில்லை.

விஜயகுமாரியின் முகம் சிவந்தது. "வீடியோ ரெண்டு நிமிஷந்தான். எல்லாத்தையும் வைக்க முடியாது" என்றார். பிறகு தரையைப் பார்த்து, "எடுத்துடச் சொல்றேன்" என்றார்.

சொன்னபடி எடுத்தார்கள். ஆனால் திருத்தி வேறு போடவில்லை. மற்றப் பிள்ளைகளின் வீடியோக்கள் இருந்தன, செவ்வந்தி என்று ஒருத்தி அந்த விழாவுக்கு வந்ததற்கே அடையாளமில்லை. இவர்கள் விரும்பியபடி இருந்தால் மேடை, இல்லையென்றால் ஆளே இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

ட்ரம்பெட் பீரோவிலேயே கிடந்தது. அவள் தினமும் பி.டி. ரூம் வாசலில் போய் நின்று, "சார், ட்ரம்பெட்" என்று மட்டும் கேட்டாள். மன்னிப்புக் கேள் என்றார் ராஜ்மோகன். எதுக்கு சார் என்று கேட்டாள். விளையாட்டு விழா நெருங்கியது. அணிவகுப்புப் பாட்டின் மேல் ஸ்வரங்களைப் பேண்டில் வேறு எவனாலும் எட்ட முடியவில்லை. ஒரு நாள் சாயந்திரம் அவர் பீரோவைத் திறந்தார். மன்னிப்பு என்ற பேச்சை எடுக்காமல் ட்ரம்பெட்டை நீட்டினார், இவளும் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது கலியன் ஷிஃப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். இருவரும் நடந்தே போகலாம் என்று கிளம்பினார்கள். ஆர்ச்சைத் தாண்டியதும் அவர் அவளுடைய ட்ரம்பெட் பையைப் பார்த்து, "அது எப்டி பாப்பா? மூணே பட்டன் இருக்குது. அத்தினி சத்தம் எங்கேர்ந்து வருது?" என்றார்.

"பட்டன்ல இல்லப்பா, உதட்டுலதான் எல்லாம்."

"குடு, பாக்கலாம்."

சாலையோரம் நின்று எடுத்துக் கொடுத்தாள். அவர் முதலில் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கன்னம் உப்ப ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. உதட்டை எப்படி இறுக்குவது என்று காட்டினாள். திரும்ப ஊதினார். கரகரவென்று ஏதோ ஒன்று வந்தது, உடனே அறுந்தது. வேலை விட்டு சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். கலியன் அதைக் கவனிக்கவில்லை.

"வந்துச்சில்ல?" என்றார். கண்ணில் அப்படியொரு வெளிச்சம்.

"வந்துச்சிப்பா."

தாத்தா செத்தது எந்த வயதில் என்று அவள் யோசித்தாள். அவருக்கு எந்தச் சத்தம் பிடித்திருக்கும்? ஒருத்தரும் அவரைக் கேட்டதில்லை. அப்பா இன்னொரு தடவை ஊத, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.