உயரமான பட்டை

எங்கள் சட்டை ஃபேக்டரி மேனேஜருக்கு அளவுகோல் என்று பெயர் வைத்தது நான்தான். மனுஷனுக்கு எதையும் கோடு போட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை. அன்று சுவரில் ஒரு தாளை ஒட்டினார். பரேட்டோ படமாம். ரிஜெக்ட் ஆன நூறு சட்டைகளின் குறைகளை எண்ணி, அதிகமானது முதலில் வருகிற மாதிரி பட்டை பட்டையாக நிறுத்தியிருந்தார். முக்கால்வாசித் தொல்லை ஓரிரு காரணத்தால்தான் வரும், முதல் பட்டையை முதலில் கவனித்தால் போதும் என்றார்.

முதல் பட்டை காலர், நாற்பத்தொன்று. காலர் தைப்பது என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு அக்கா; நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். திங்கட்கிழமை முதல் அவரை மெஷினிலிருந்து எடுத்துப் பெட்டி கட்ட அனுப்புவதாக முடிவு. எண்ணிக்கை கொடுத்தது செக்கிங் மேஜையில் நிற்கும் நான். அண்ணி பார்த்த பார்வையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சும்மா இருக்க என்னால் முடியுமா? அப்படி என்னதான் கோணல், இன்னொரு தரம் பார்ப்போமே என்று மதிய இடைவேளையில் ரிஜெக்ட் கூடையைக் கவிழ்த்தேன். முதல் சட்டையில் காலர் கோணல்தான். மடிக்கும்போது அக்குளில் என் விரல் உள்ளே போய் வெளியே வந்தது. அடுத்ததிலும் அதே கதை. அட, இது எப்படி என் கண்ணில் படாமல் போனது?

பிறகுதான் உறைத்தது. நான் பார்ப்பது மேலிருந்து கீழே: காலர், பாக்கெட், பட்டன், கை, அடி மடிப்பு. ஒரு குறை கிடைத்ததும் அதற்கு ஒரு கோடு போட்டுச் சட்டையைக் கூடையில் எறிந்துவிடுவேன். மிச்சத்தை யார் பார்த்தார்கள்? எங்கள் மேஜையில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். என்னையே திட்டிக்கொண்டு, இரண்டு நாள் இடைவேளையில் நூறு சட்டையையும் முழுசாகப் பார்த்தேன். கை மூட்டும் தையல் பிரிந்தவை எழுபத்தொன்பது. காலர் இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டது.

புதுக் கணக்கை வைத்து நானே ஒரு படம் வரைந்து அண்ணியிடம் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், அறிவு கெட்டவள். அவர் உயரமான பட்டையில் விரல் வைத்தார்.

"கை தைக்கிறது யாருன்னு யோசிச்சியா?"

என் வீட்டுக்காரர்! எண்ணுகிற ஆர்வத்தில் அது மண்டையில் ஏறவே இல்லை. கிழித்துப் போடு, தம்பியை எழுப்பிவிட்டு நான் மெஷினில் உட்கார மாட்டேன் என்றார் அண்ணி.

எனக்குக் கிழிக்க மனசு வரவில்லை. வீட்டுக்காரர் தையல் எப்படிப் பிரியும்? அந்தக் கேள்விதான் குடைந்தது. ஒரு சட்டையோடு நேரே அவர் மெஷினுக்குப் போய் நீட்டினேன். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், கடைசியில் விரலால் தடவித்தான் ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

"ரெண்டு மாசமா ஊசி சரியாத் தெரியல. பழக்கத்துல ஓட்டிட்டிருக்கேன். சொன்னா எடுத்துருவாங்கன்னு பயம்."

நாள் முழுக்கப் பொடிக் குறை தேடிப் பிழைக்கிறவள் நான். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷனைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அழுகையும் வந்தது, என்மேல் ஆத்திரமும் வந்தது. அக்காவை எடுக்கப்போவது என் தப்புக் கணக்கால்தான், உண்மையில் முதலில் நிற்பது யார் பட்டை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் மெஷினை நிறுத்தி எழுந்தார். என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டார்.

"நானே போய்க் குடுக்கறேன். எத்தனைன்னு போட்டிருக்கே?"

கொட்டை எழுத்தில்தான் போட்டிருந்தேன்.

"எழுபத்தொன்பது" என்று படித்துச் சொன்னேன்.