மூடுபனியில் ஓடாத விசிறி

இரும்புக் கம்பியைப் புல்கட்டு அடுக்குக்குள் ஓர் ஆள் நீளத்துக்குச் சொருகி, பத்து நிமிடம் விட்டு உருவி, வெறுங்கையில் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும். இருபது வரை எண்ண முடிந்தால் நிம்மதியாகப் போய்க் காப்பி குடிக்கலாம். அன்று காலை சூடு தாங்காமல் என்னால் மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை.

கொட்டகை என் அக்கா ஹல்லாவுடையது. அதாவது அவள் கணவர் ஸ்டெய்ன்தோருடையது. அதாவது எங்கள் பள்ளத்தாக்கின் தீவனக் குழுத் தலைவருடையது. குழுவில் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் செத்து இரண்டு வருடமாகிறது.

ஐஸ்லாந்தில் வெயிலை நம்பிப் புல் காயவைக்க முடியாது. அரை ஈரத்தோடு கட்டி, இடைவெளி விட்ட பலகைத் தரைமேல் அடுக்கி, சுவருக்கு வெளியே இருக்கும் ஆள் உயர விசிறியால் அடியிலிருந்து ஊத வேண்டும். ஆனால் போன ஞாயிறு ஊர்மன்றத்தில் மச்சான் ஒரு மணி நேரம் படம் மாட்டி விளக்கினார்: மூடுபனியில் விசிறி ஓட்டுவது புல்லில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம், ஓட்டுகிறவன் மடையன். கைதட்டினோம். கேக் நன்றாக இருந்தது. மறுநாளே மூடுபனி இறங்கியது. நான்கு நாளாக விலகவில்லை. சொன்ன சொல் தவறாதவர், விசிறியை நிறுத்தியே வைத்திருந்தார். உள்ளே புழுங்கித் தானாகவே சூடேறும் புல்லுக்கு ஈரக் காற்றானாலும் காற்று வேண்டும் என்பது அவர் படத்தில் இல்லை.

போதாததற்கு, அன்று பத்து மணிக்கு அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து பதினைந்து பேர் இந்தக் கொட்டகையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வருவதாக ஏற்பாடு.

கருகிய சர்க்கரை வாசனை அடித்தது. ஒரே ஒரு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு மாடுகள் பால் கறப்புக்காகக் கட்டப்பட்டிருந்தன. நான் கம்பியை நீட்டினேன். மச்சான் மூக்கை மட்டும் நீட்டினார். நல்ல புல் பழுக்கும்போது இப்படித்தான் மணக்கும் என்றார்.

“புடிச்சுப் பாருங்க மச்சான்.”

“எனக்கெதுக்குக் கம்பி, இங்வர்? என்கிட்ட வெப்பமானி இருக்கு.”

வெப்பமானி ஊர்மன்றத்தில், படத்துக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் பயம் வேறு. இவ்வளவு சூடேறிய பிறகு விசிறியைப் போட்டால் புல் ஆறலாம். எங்காவது கங்கு பிடித்திருந்தால் கொல்லன் துருத்திபோல அதுவே பற்றவும் வைக்கும். எது என்று வெளியிலிருந்து தெரியாது. போடாமல் விட்டால் மட்டும் என்ன ஆகும் என்று தெரியும்.

ஹல்லா பக்கத்துத் தொழுவத்துக்குப் போனாள். மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மூடுபனிக்குள் விரட்டினாள். தண்ணீர்க் குழாயைக் கொட்டகை வாசல்வரை இழுத்துப் போட்டாள். பிறகு விசிறிப் பொத்தான் பக்கம் நடந்தாள். மச்சான் பின்னாலேயே போனார்.

“பதினஞ்சு பேர் வர்றாங்க, ஹல்லா. இந்தச் சத்தம் ஆத்துப் பாலம் வரைக்கும் கேக்கும்.”

“கேக்கட்டும். கொட்டகை எரிஞ்சா அதுக்கு அந்தாண்டையும் தெரியும்.”

விசிறி உறுமியது. கொஞ்ச நேரத்தில் கூரை முகட்டிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பி, மூடுபனியோடு கலந்தது. ஆவியா, புகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் வண்டிகள் வந்து நின்றன. முதலில் இறங்கிய பருத்த மனிதர் மச்சானின் காதருகே குனிந்து கத்தினார்.

“மூடுபனில ஓட்டுறவன் மடையன்னு நீங்கதானே சொன்னீங்க, தலைவரே?”

மச்சான் நெஞ்சை நிமிர்த்தினார். இது ஒரு சிறப்புச் செயல்விளக்கம் என்று ஆரம்பித்தவர், முகட்டைப் பார்த்துப் பாதியில் நின்றார். வந்தவர்களும் பார்த்தார்கள். எல்லாருக்கும் வீட்டில் கொட்டகை இருக்கிறது. பருத்தவர் தண்ணீர்க் குழாயின் நுனியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மச்சான் என்னிடமிருந்து கம்பியை வாங்கி, உள்ளே போய்ச் சொருகினார். பத்து நிமிடம். ஹல்லா காப்பி ஊற்றிக் கொடுத்தாள், யாரும் குடிக்கவில்லை. பிறகு அவர் கையுறையைக் கழற்றி, கம்பியை உருவி, இரண்டு கையாலும் பிடித்தார்.

விசிறி இரைச்சலில் அவர் எண்ணுவது கேட்கவில்லை. உதடுகளைப் பார்த்து நாங்களும் கூடவே எண்ணினோம். ஒன்று. இரண்டு.