இரண்டாவது அரிய பெயர்

மறுநாள் முப்பத்தொன்று, பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாள். தம்பி குகதாசனின் மகளுக்கு இன்னும் பெயர் இல்லை. பிள்ளையின் காதில் பெயர் சொல்லும் உரிமை மாமியான எனக்கு. பெயர் தேடுகிற பொறுப்பையும் நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன். பின்னேரத்துக்குள் ஒன்று கிடைக்காவிட்டால், தம்பி மனைவி றொசாந்தியின் சித்தி கனடாவிலிருந்து அனுப்பிய ‘நிவ்ஷுகா’தான். அதை என் வாயால் மூன்று தரம் சொல்ல வேண்டுமாம். நடக்கிற காரியமா?

அனுஷ நட்சத்திரம். ந, நி, நு, நே என்று தொடங்க வேண்டும். றொசாந்தியின் நிபந்தனை வேறு.

“மச்சாள், வேறை ஒருத்தருக்கும் இல்லாத பேரா வேணும்.”

“உது பெரிய வேலையே? இருந்து பாரும்,” என்றேன்.

வெறும் வாய்வீச்சு இல்லை. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவள். நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்துக்குப் பதிவு மென்பொருள் செய்து கொடுத்ததும் நான்தான். நிர்வாகியிடம் கேட்டு, பன்னிரண்டு வருடங்களில் அங்கே படித்த பிள்ளைகளின் பெயர்களை மட்டும் வாங்கிவந்தேன். ஜாவா என்ற நிரல்மொழியில் ஸ்ட்ரீம் என்று ஒன்று உண்டு. பட்டியலை அதற்குள் ஓடவிட்டு, ஒரே பெயர்களைச் சேர்த்து எண்ணி, குறைவாக வந்ததை முதலில் வைத்து அடுக்கலாம். ‘ந’ வரிசையை மட்டும் வடித்து முதலாவதை எடுத்தேன். நிதுர்ஜிகா. ஒரே ஒரு தரம்.

றொசாந்தி முகத்தைச் சுளித்தாள். “அடுத்தது?”

ஒன்றைத் தாண்டி இரண்டாவதை எடுத்தேன். நிருஷ்கா. அதுவும் ஒரு தரம். மூன்றாவது நேவிதுஷா, ஒரு தரம். பத்தாவதும் அப்படியே. எனக்கு விசர் பிடித்தது. எல்லாவற்றையும் திரையில் கொட்டினேன். இருநூற்றுப் பதினெட்டுப் பெயர்களில் நூற்றெண்பத்தொன்று ஒரே தரம்தான் வந்திருந்தன. ஊரிலுள்ள அத்தனை தாய் தகப்பனும் றொசாந்தி மாதிரியே நினைத்திருக்கிறார்கள்!

அவள் திரையை நெடுநேரம் பார்த்தாள்.

“ஐயோ பாவங்கள், எல்லாம் தனியத் தனிய நிக்குதுகள். மச்சாள், என்ரை பேரும் ஒருத்தருக்கும் இல்லையெண்டுதான் அம்மா வைச்சவ. பள்ளிக்கூடம் போன முதல்நாள் பாத்தா, வகுப்பிலை இன்னொரு றொசாந்தி! அண்டைக்கே ரெண்டு பேரும் ஒரு வாங்கிலை பக்கத்திலை பக்கத்திலை இருந்திட்டம். இண்டைக்கும் அவள்தான் எனக்கு எல்லாம்.”

“அப்ப என்ன செய்யிறது?”

“ரெண்டாவது அரிய பேரை எடுங்கோ. ரெண்டு தரம் வந்தது.”

பிழை என்னுடையது. நான் பெயர்களைத்தான் ஒவ்வொன்றாகத் தாண்டினேன், எண்ணிக்கையைத் தாண்டவில்லை. ஒரே எண்ணிக்கை உள்ள பெயர்களை ஒரு கூட்டமாக்கி, முதல் கூட்டத்தை முழுதாக விட்டு அடுத்ததை எடுக்கும்படி திருத்தினேன். இருபத்திரண்டு பெயர்கள் வந்தன. ஒன்பதாவதில் அவள் விரலை வைத்தாள்.

நிறைமதி.

“உங்கடை பேர் எத்தினை தரம் மச்சாள்?”

முழுப் பட்டியலில் தேடிப் பார்த்தேன். சிவகௌரி, நாற்பத்தொன்று.

“குடுத்து வைச்சனீங்கள்,” என்று சிரித்தாள்.

மறுநாள் பிள்ளையை மடியில் வைத்து, காதில் பெயரைச் சொன்னேன். மூன்றாவது தரம் சொல்லிவிட்டு அவள் கன்னத்தில் கொஞ்சினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. கைபேசிக்குள் இருந்து கனடாச் சித்தி விடவில்லை.

“உந்தப் பேர் வேறை ஆருக்கும் இருக்கே?”

“ஓம் சித்தி, ரெண்டு பேருக்கு இருக்கு,” என்றாள் றொசாந்தி பெருமையாக. “எங்கடை பிள்ளை மூண்டாவது.”