ஆறு மணு மூணு வீசை

பெங்களூர் டாக்டர் செல்லியின் முழங்காலை மடக்கிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். மூட்டு தேய்ந்துவிட்டது, தேய்ந்ததை எந்த மருந்தும் வளர்க்காது, உடம்புப் பாரத்தை இறக்கினால் வலியும் இறங்கும் என்றார். சோற்றையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும். களி அளவாக, கீரை நிறைய, கொள்ளுச்சாறு, மோர். வாரம் ஒரு தடவை எடை பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் மகள் சரசம்மா நோட்டில் எழுதிக்கொண்டாள். அவர்கள் தெருவின் முதல் பி.ஏ. அவள்தான்; கிருஷ்ணகிரியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எழுதியதை நடத்திக் காட்டாமல் விடுகிற ஆளில்லை.

எடை பார்க்க வாராவாரம் பெங்களூருக்கு பஸ் ஏறவா முடியும்? ஆளை நிறுக்கிற அளவுக்குப் பெரிய தராசு அவளுக்குத் தெரிந்து வெங்கடப்பனின் புளி மண்டியில் இருந்தது. உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும்; ஒரு பலகையில் மூட்டை, மறு பலகையில் இரும்புக் கல். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணு என்பது மண்டிக் கணக்கு. வெங்கடப்பனின் மகள் சரசம்மாவிடம்தான் படித்தாள். கேட்டதுமே, ஞாயிற்றுக்கிழமை கூட்டிவாருங்கள் டீச்சரம்மா என்றுவிட்டார். இதே மண்டியில் இருபத்தைந்து வருஷம் குத்துக்காலிட்டுப் புளி தட்டிக் கொட்டை எடுத்த செல்லியை அவர் ஒருநாளும் 'அம்மா' போட்டுக் கூப்பிட்டதில்லை. அந்தக் குத்துக்காலில்தான் அவள் முழங்கால் போயிற்று. அது தெரிந்தும், டீச்சரம்மா என்ற பட்டம் சரசம்மாவுக்கு இனித்தது.

வேலை கிடைத்த மாதமே அம்மாவை மண்டியிலிருந்து நிறுத்தியவளும் அவள்தான். மூன்று வேளையும் நெல்லுச்சோறு போட்டு, நெய்யும் ஊற்றினாள். பட்டினியில் வற்றிக் கிடந்த உடம்பு மூன்று வருஷத்தில் ஊதிப்போயிற்று. ஊட்டிய கையே இப்போது பிடுங்க வந்தது.

முதல் ஞாயிறு. பலகையில் உட்காரக் கால் மடங்காமல் செல்லி தவித்தாள். இரண்டு கூலியாட்கள் கக்கத்தில் கை கொடுத்து இறக்கினார்கள். எடை போடுகிற ராமப்பன், மூட்டைக்குக் கூவுகிற அதே குரலில் கூவினார்.

"ஆறு மணு மூணு வீசை."

புளி தட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "செல்லியக்காவ எந்த லாரியில ஏத்தறாங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். செல்லியும் சிரித்தாள். சரசம்மா, புளித்தூசி புடவையில் படாமல் வாசற்படியிலேயே நின்று, நோட்டில் எழுதினாள்.

மூன்று வாரம் எடை அசையவில்லை. நான்காவது வாரம் சரசம்மா களி உருண்டையை அரையாக்கினாள். அகப்பையால் தானே வெட்டித் தட்டில் வைத்தாள். இதற்கும் குறையாவிட்டால் அடுத்தது கால் உருண்டைதான் என்று சொல்லிவைத்தாள். சொல்லிவிட்டு அம்மாவின் எதிரிலேயே உட்கார்ந்து சோறு பிசைந்து தின்றாள். நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்துகிறவளுக்குத் தெம்பு வேண்டாமா?

அதற்குப் பிறகு எடை மளமளவென்று இறங்கியது. ஆறு மணு ஒரு வீசை. ஐந்து மணு ஏழு வீசை. எட்டாவது வாரம் ஐந்து மணு ஐந்து வீசை. மாதர் சங்கக் கூட்டத்தில் சரசம்மா நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு பேசினாள். மூட்டுவலிக்கு வாயைக் கட்டுவதுதான் மருந்து, என் தாயாரே சாட்சி என்றாள். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த செல்லியிடம் வலி எப்படி என்று யாரோ கேட்டதற்கு, தேவலை என்றாள். கூட்டம் முடிந்ததும் அவளை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. சரசம்மா அதைப் பார்த்தாள். நோட்டில் எழுதவில்லை.

ஒன்பதாவது ஞாயிறு ராமப்பன் இல்லை. மகளைப் பார்க்க அஞ்செட்டிக்குப் போயிருந்தார். தராசில் ஓசூர் ஆள் ஆஞ்சப்பன் நின்றான். கல்லைப் போட்டான், மாற்றினான், கூவினான்.

"ஆறு மணு ரெண்டு வீசை."

தராசு தப்பு என்றாள் சரசம்மா. அவன் மறுபடி போட்டான், அதேதான். கல் தப்பு என்றாள். புளி தட்டுகிற சத்தம் நின்றது. வெங்கடப்பன் எழுந்து வந்து பார்த்தார். ஒரே வாரத்தில் ஐந்து வீசை ஏறுமா என்று படித்த மூளை யோசித்திருக்க வேண்டும். கோபம் அதற்கு முன்னே பாய்ந்தது. புளித்தூசியை மறந்து உள்ளே போனாள். அம்மாவின் இடுப்பில் முந்தானை முடிச்சு ஒன்று புடைத்திருந்தது.

"மடியில என்னா அது? வெல்லமா? திருடித் தின்னுதான் ஏறுதா?"

"ஒண்ணுமில்ல சரசு. வா, ஊட்டுக்குப் போலாம்."

பலகையிலிருந்து எழ முடியாமல் உட்கார்ந்திருந்தவளின் முந்தானையை இழுத்து, அத்தனை பேர் முன்னால் அவிழ்த்தாள். கொட்டியது வறுத்த புளியங்கொட்டை.

சோறில்லாதவர்கள் தின்பது அது. அப்பன் கரியப்பன் செத்த வருஷம் தாயும் மகளும் தின்றார்கள். வறுத்துத் தோலை நீக்கி வாயில் அடக்கி, ஊற ஊற மென்றால் ஒரு மத்தியானத்தைத் தள்ளிவிடலாம். இன்றைக்கு வீட்டில் குதிர் நிறைய நெல் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ஆஞ்சப்பன்தான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

"பலகைக்கு அடியில கால் குடுக்கணும்னு எங்கிட்ட ஆரும் சொல்லலீங்க, டீச்சரம்மா. சொல்லியிருந்தா ராமப்பண்ணன் மாதிரி நானும் குடுத்திருப்பேன்."

வெங்கடப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாகரசம்பட்டியிலிருந்து புளி கொண்டுவருகிற குடியானவனின் மூட்டைக்கு, மண்டிக்காரன் அடியில் காலைக் கொடுத்துத் தாங்கி எடையைக் குறைக்கிற வித்தை அது. ஊரை ஏமாற்றிய கால், ஐந்து வாரமாகச் செல்லியின் அரை உருண்டையைக் காப்பாற்றியிருந்தது. ஒரு ஞாயிறாவது தராசுப் பக்கம் வந்து நின்றிருந்தால் சரசம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

சிதறிய கொட்டைகளைக் கூலிப் பெண்கள் பொறுக்கிச் செல்லியின் கையில் கொடுத்தார்கள்.  

வீட்டுக்குப் போகிற வழியில் செல்லி பத்தடிக்கு ஒருமுறை நின்றாள். மூன்றாவது தடவை நின்றபோது சொன்னாள்.

"ராமப்பனக் கோவிச்சுக்காத. நாந்தான் கேட்டேன். கொறையலேன்னா கால் உருண்டைன்னியே. வலியக்கூடத் தாங்கிக்குவேன் சரசு. பசின்னா எனக்கு பயம்."

 முதல் ஞாயிறு இருந்த மூன்று வீசை இன்று இரண்டாகியிருக்கிறது என்பது சரசம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வீசை உண்மையாகவே குறைந்திருந்தது. டாக்டர் சொன்னது பொய்யில்லை. பசித்துப் பசித்துக் குறைந்த அந்த ஒரு வீசையை அவள் மண்டி நடுவில் நின்று திருட்டு என்றிருந்தாள்.

அன்று சோறு வடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் களி கிண்டினாள், கீரை கடைந்தாள். இனி என் தட்டிலும் இதுதான், ஆனால் வயிறு நிறைய என்றாள். அதைச் சொல்லும்போதும் டீச்சர் குரல்தான் வந்தது. சட்டியை அம்மாவின் பக்கம் நகர்த்தி, அகப்பையைக் கையில் கொடுத்தாள்.

"நீயே போட்டுக்கம்மா. எவ்வளவு வேணுமோ."

செல்லி அகப்பையைத் தண்ணீரில் நனைத்து, களியை வெட்டி எடுத்தாள். சரியாக அரை உருண்டை. தட்டுக்கு மேலே அதைப் பிடித்தபடி மகள் முகத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவு எடுத்துக்கட்டுங்களா?"

கூலி நாளில் வெங்கடப்பன் முன்னால் நின்று கேட்கிற குரல் அது. சரசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பதில் வரும்வரை செல்லி அகப்பையைக் கவிழ்க்கவில்லை.