புரண்டு கிடந்த அட்டை

றஜிதாவின் பட்டறைக்குள் நான் நுழைந்தபோது அவளுடைய மேசையில் நான் செய்த தண்ணீர் டாங்கி கிடந்தது. பெற்ற பிள்ளை அடுத்த வீட்டுக் குசினியில் சோறு தின்றுகொண்டிருக்கக் கண்டவன் போல நின்றேன். நான் போனது ஒட்டுகிற மெஷினுக்கு டங்ஸ்டன் ஊசி ஒன்று கேட்க. அதுவும் பொய். என் அலுமாரியில் ஊசி ஒரு பெட்டி நிறைய இருந்தது. கப்பல்துறையிலிருந்து பாலையூற்று வரை வெயிலில் மோட்டார்சைக்கிள் ஓடியதற்கு உண்மையான காரணம், அவளிடம் எத்தனை வாகனம் நிற்கிறது என்று எண்ணுவதுதான். மூன்று நின்றன. என் பட்டறையில் அன்று நின்றது என் மோட்டார்சைக்கிள் மட்டும். அதையும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வான்களின் எஞ்சினைச் சூடாகாமல் காக்கிற தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் டாங்கியில் நிற்கும். யப்பானிலிருந்து பழசாக வந்த வானில் அது வெடித்தால் அதே மாதிரி இன்னொன்று தேடி எடுப்பது லேசில்லை. அங்கேதான் எனக்குச் சோறு. அலுமினியத் தகட்டை வெட்டி, மடித்து, மின்சாரத்தால் உருக்கி ஒட்டி, அந்த வானின் அந்தச் சந்துக்குள் மட்டும் ஏறுகிற டாங்கியாக்கிக் கொடுப்பேன். பதினாறு வருடம், தம்பலகாமம் வரைக்கும், அலுமினியம் ஒட்ட அஞ்சலோ என்கிற நான் ஒருவன்தான். இரும்பு ஒட்டத் தெருவுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். இரும்பு சிவந்து காட்டி எச்சரிக்கும். அலுமினியம் சொல்லாமல் கொள்ளாமல் உருகி விழும். அந்தக் காலத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்று என் மனைவி எல்சி சொல்வாள். கொஞ்சம் என்பது அவளுடைய பெருந்தன்மை.

கொழும்பில் பஸ்களுக்கு உடற்கூடு கட்டுகிற இடத்தில் ஒன்பது வருடம் நின்றுவிட்டு றஜிதா போன வருடம்தான் ஊருக்கு வந்தாள். முப்பத்துநாலு வயது. காலால் மிதித்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற மெஷின் வைத்திருந்தாள். அவள் ஒட்டிய கோடு மீன் செதில் அடுக்கினது போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். என்னுடையது, முடியப்போகிற பல்பசையைப் பிதுக்கினது போல. ஒழுகாது, அவ்வளவுதான். ஒப்பிட ஆள் இல்லாதவரை அதில் வடிவில்லை என்று எவரும் சொன்னதில்லை. அவள் தன் வேலையை வீடியோ எடுத்து முகநூலில் போட, எல்சி அதற்கு இதயம் குத்தினாள். குத்தியதோடு விடாமல், "எவ்வளவு வடிவாச் செய்யிறாள், பாருங்கோவன்" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒருமுறை பார்த்து "ம்" என்றேன். பிறகு குளியலறைக்குள் போய் என் போனில் இன்னும் ஐந்துமுறை பார்த்தேன்.

மேசையில் கிடந்த டாங்கி சின்னராசாவின் வானுடையது. சின்னராசா கட்டுநாயக்க விமானநிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறவர். இரண்டு மாதத்துக்கு முன் வந்து, "அஞ்சலோ, டாங்கியிலை ஒரு மூலை வேர்க்குது" என்றார். "இந்த வெயிலுக்கு ஆர்தான் வேர்க்கேல்லை?" என்று பகிடிவிட்டு அனுப்பினேன். பகிடி நல்ல பகிடி. அவர் சிரித்துக்கொண்டே போய் றஜிதாவிடம் புதிதாக ஒன்று செய்யச் சொல்லிவிட்டார்.

ஊசியை எடுத்துத் தந்துவிட்டு றஜிதா டாங்கியைத் தூக்கிக் காட்டினாள்.

"அண்ணை, இதைப் பாருங்கோ. மூலைக்குள்ளை சின்ன ஓட்டை. ஆரின்ரை வேலையெண்டு தெரியுமோ?"

"தெரியாது பிள்ளை."

"இஞ்சத்தை ஆள் ஆரோ செய்தது மாதிரிக் கிடக்கு."

"சேச்சே. கந்தளாய்ப் பக்கமா இருக்கும்." கந்தளாய்க்காரர் என்னை மன்னிக்க வேண்டும்.

"நான் உங்கடை கையோ எண்டு நினைச்சன்."

"என்ரை கையோ? நல்ல கதை!"

பின்வளவில் ஒரு சேவல் கூவியது. பகல் பதினொரு மணிக்கு அதற்கு அங்கே என்ன வேலை? நான் கோயிலுக்கு ஒழுங்காகப் போகிற கத்தோலிக்கன். சேவல் கூவுமுன் ஆண்டவரை மூன்றுமுறை மறுத்த சீடனின் கதை தெரிந்ததால், என் மறுப்புகளை எண்ணிப் பார்த்தேன்: மூன்று.

அவள் டாங்கியைக் கழுவுவதற்குச் சவர்க்காரத் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டு, முதல்நாள் அதைப் பார்த்து அளந்து வெட்டிய பிஸ்கட் பெட்டி அட்டையை எடுத்தாள். புதுத் தகட்டின் மேல் அதை வைத்து, ஓரத்தால் கூரூசி ஓட்டிக் கோடு கீறத் தொடங்கினாள். அப்போதுதான் கண்டேன். அட்டை மேல்பக்கம் கீழாகப் புரண்டு கிடந்தது. அதைப் பார்த்து வெட்டி மடித்தால் வருவது கண்ணாடிக்குள் தெரிகிற டாங்கி; இடதுகால் செருப்பை வலதுகாலுக்குத் தைத்த மாதிரி. இடப்பக்கம் பார்க்கவேண்டிய குழாய் வலப்பக்கம் திரும்பி நேரே போய் பட்டரியில் முட்டும்.

நான் அட்டை வெட்டினால் முதல்வேலையாக அதில் "மேல்" என்று பென்சிலால் எழுதுவேன். அறிவால் வந்த பழக்கமில்லை. ஒருமுறை எங்கள் பாதிரியாரான சுவாமியின் ஜீப்புக்கு இப்படித்தான் புரட்டிச் செய்துவிட்டேன். கெட்ட வார்த்தை பேச வழியில்லாத அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையால் வந்தது.

சொல்ல வாயைத் திறந்தேன். "சின்னராசாவின்ரை வானுக்குக் குழாய் இடப்பக்கமெல்லோ" என்றால் போதும். ஆனால் அடுத்த கேள்வி, அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதாகத்தான் இருக்கும். அட்டையைத் திருப்பினால் அந்த ஓட்டை மூலையும் பல்பசைக் கோடும் என் பெயருக்குத் திரும்பும். வாயை மூடினேன்.

"அப்ப வாறன் பிள்ளை."

வழி முழுக்க ஹெல்மெட்டுக்குள் சிரித்தேன். நாளைக்குச் சின்னராசா வானைக் கட்டியிழுத்துக் கொண்டுவந்து நிறுத்துவார். மீன் செதில் டாங்கி ஏறாது. முகநூலில் அதற்கும் எல்சி இதயம் குத்தட்டும். சீனக்குடாவிலிருந்து உப்புக்காற்று அடித்தது. அன்று அதுகூட வாசமாக இருந்தது.

"என்ன, முகம் நல்லாக் கிடக்கு?" என்று எல்சி சோற்றை வைத்தாள்.

"ஒண்டுமில்லை. றஜிதாட்டைப் போய் ஒரு ஊசி வாங்கிக்கொண்டு வந்தனான்."

"பாவம் அந்தப் பிள்ளை. அவளிட்டை இருக்கிறது கடைசித் தகடாம். கொழும்பிலையிருந்து வர இன்னும் நாலஞ்சு நாள் செல்லுமாம். சின்னராசா அண்ணைக்கு நாளைக்குப் பின்னேரம் எயாப்போட் ஓட்டமும் இருக்கு." குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒரு பிழை விட்டாளெண்டால் போதும், பொம்பிளையெல்லோ எண்டு சொல்லச் சனம் வரிசையிலை நிக்குது."

நான் விட்ட பிழைகளுக்கு இந்த ஊர் சிரித்திருக்கிறது. சுவாமியின் ஜீப்பை இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்வார்கள். நானே சொல்லிக் கொடுத்த கதை அது. ஆம்பிளையெல்லோ, அதுதான் என்று ஒருவரும் சொன்னதில்லை. வரிசையில் நிற்கிற சனத்தில் முதல் ஆளை எனக்குத் தெரியும். அவன் அப்போது மீன்துண்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

"எங்கை போறியள், சோறு அப்படியே கிடக்கு!"

"ஊசி சரியில்லை. மாத்திக்கொண்டு வாறன்."

நான் போய்ச் சேரும்போது அவள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சத்தைப் பார்க்கக்கூடாது. குற்றவாளி போலச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். என் நிழல் நீலமாகத் துடித்தது. வெளிச்சம் நின்றதும், சுவரைப் பார்த்தபடியே சொன்னேன்.

"றஜிதா, அந்தப் பழைய டாங்கி நான் செய்தது."

"தெரியும் அண்ணை. கொண்டுவரேக்கையே சின்னராசா அண்ணை சொன்னவர்."

"பிறகேன் கேட்டனீ?"

"என்ன சொல்லுவியளெண்டு பாக்கத்தான்." முகமூடியைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். "கந்தளாயெண்டு சொல்லுவியளெண்டு நினைக்கேல்லை."

"அட்டை புரண்டு கிடந்தது பிள்ளை. குழாய் இடப்பக்கம் பாக்கவேணும்."

சிரிப்பு நின்றது. அவள் அட்டையை எடுத்தாள், திருப்பினாள், பாதி ஒட்டிய புது டாங்கியின் பக்கத்தில் பிடித்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சுவாமியின் பார்வை இதோடு ஒப்பிட்டால் ஆசீர்வாதம்.

"அப்ப, காலமை பாத்திட்டுத்தானே போனீங்கள்?"

எனக்கு எப்போதும் ஒரு பகிடி வரும். அப்போதும் இரண்டு மூன்று வந்தன. வாய்வரை வந்து திரும்பிப் போயின.

"ஓம்."

அவள் பாதி ஒட்டிய டாங்கியை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். வீதியில் துறைமுகத்து லொறிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு சவர்க்காரத் தண்ணீருக்குள் கைவிட்டு என் டாங்கியை எடுத்தாள்.

"வேறை தகடு இல்லை. நாளைக்கு இதுதான் போகவேணும். பிடியுங்கோ."

துடைத்து, உலர்த்தி, ஓட்டை மூலையைச் சுரண்டி எடுத்தாள். நான் பிடித்துக்கொள்ள அவள் ஒட்டினாள். அவள் கால் மிதியில் மெல்ல அசைந்தது, தையல் மெஷினில் இருக்கிறவளைப் போல. இரண்டு விரலளவு செதில், என் பல்பசைக் கோடுகளுக்கு நடுவே. எது எவருடையது என்று எந்தக் குழந்தைப்பிள்ளையும் சொல்லும்.

"ஆறட்டும்" என்றாள். ஆறியதும் குழாய்களை ரப்பரால் அடைத்து, சைக்கிள் பம்பைப் பூட்டி, டாங்கியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தினோம். நான் காற்றடித்தேன். அவள் இரண்டு கையாலும் கீழே அழுத்திப் பிடித்திருந்தாள். தண்ணீர் ஆடி ஆடி அடங்கியது. காற்றுக் கசிந்தால் குமிழி வரும்; வராவிட்டால் வேலை முடிந்தது. அவளுடைய மூலையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என் கோடுகளைப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை.

"இன்னும் ஒருக்கா அடியுங்கோ அண்ணை."

அடித்தேன். டாங்கிக்கு அடியில், எங்கள் இருவர் கண்ணுக்கும் எட்டாத இடத்திலிருந்து, கடுகளவில் ஒரு குமிழி புறப்பட்டது. அவளுடையதாக இருக்க வேண்டும் என்று நான் நினைத்த வேகம் எனக்கே வெட்கமாக இருந்தது. குமிழி அவசரப்படாமல் மேலே வந்தது. அடுத்த குமிழி எவருடைய கோட்டிலிருந்து வருகிறது என்று பார்க்க, தொட்டியின் மேல் இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளுமளவுக்கு நாங்கள் குனிந்தோம்.