ஒண்ணுவிட்ட அடி

சங்கரசுப்புவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் இப்போதும் சொல்வேன். வயிறு எரிந்துகொண்டே சொல்வேன், அவ்வளவுதான். டிரம்ஸில் அவனைப் போல அடிக்கிறவன் அந்தக் காலத்தில் சங்கரன்கோவிலில் மட்டுமல்ல, கோவில்பட்டி, ராஜபாளையம், தென்காசி எங்கும் கிடையாது. அவன் என் பெரியப்பா மகன், என்னைவிட மூன்று வயது மூத்தவன். அண்ணனைப் போய் அவன் இவன் என்று சொல்கிறானே என்று கோபப்படுகிறவர்கள், கடைசி வரை கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

எழுபத்தொன்பதில் எங்கள் சிநேகிதன் யாகூப் ஒரு மெல்லிசைக் குழு ஆரம்பித்தான். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்ததால் மைக்கும் ஆம்ப்ளிபயரும் அவனிடமே இருந்தன. கீபோர்டும் அவனே வாசிப்பான். சங்கரசுப்பு டிரம்ஸ், நான் பேஸ் கிடார். பகலில் நான் தறி மெக்கானிக். எங்கள் தெருவில் எந்தப் பவர்லூம் நின்றாலும் முதல் ஆளாக நல்லகண்ணுவைத்தான் தேடுவார்கள். நான்தான் அந்த நல்லகண்ணு.

குவைத்திலிருந்து வந்த யாகூபின் அண்ணன் ஒரு கேசட் கொடுத்தார். அமெரிக்காவில் கறுப்பர்கள் வாசிக்கிற மியூசிக், பேர் ஃபங்க் என்றான் யாகூப். என் காதில் பங்க் என்றுதான் விழுந்தது.

“பெட்ரோல் பங்க்ல உக்காந்து எதுக்குவே மியூசிக் போடுதான்?” என்று நான் கேட்டுவிட்டேன். யாகூப் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தான்.

சங்கரசுப்பு சிரிக்கவில்லை. டேப் நைந்துபோகும்வரை அதையே போட்டுப் போட்டுக் கேட்டான். “இந்த டிரம்காரன் ரொம்ப அடிக்கலை கேட்டியா? எங்கன அடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கான். அதான் கேக்கவன் இடுப்பு சும்மா இருக்க மாட்டேங்கு” என்றான்.

இங்கே என் விரல் கதையைச் சொல்ல வேண்டும். இடது கைச் சுண்டுவிரலில் பாதியை எனக்கு இருபது வயதில் தறி பெல்ட் கொண்டுபோய்விட்டது. பேஸ் வாசிக்கிறவனுக்குச் சுண்டுவிரல் முக்கியம். மற்றவர்கள் சுண்டுவிரலை நீட்டித் தொடுகிற கிடார் கழுத்துக் கட்டையை நான் மோதிர விரலால் கீழிருந்து இழுத்துக்கொண்டு போய்த்தான் தொடுவேன். அதனால் என் சுரம் நேராக வந்து நிற்காது, வழுக்கிக்கொண்டு ஒரு இமைப்பொழுது பிந்தி வரும். எனக்கு அது பெரிய வெட்கம். திருத்தப் படாதபாடு பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாகூப் கடை மாடியில் ஒத்திகை நடந்தபோது சங்கரசுப்பு குச்சியை நிறுத்திவிட்டுச் சொன்னான்: “அதைத் திருத்தாதலே. நீ இழுத்துக்கிட்டு வந்து சேருத வரைக்கும் நான் அடிக்காம இருக்கேன். நீ வா.”

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நாலு எண்ணிக்கை. எந்த டிரம்காரனும் ஒன்றில்தான் ஓங்கி மிதிப்பான். சங்கரசுப்பு அந்த ஒன்றை விட்டுவிட்டான். நான்கு முடிந்ததும் அவன் கால் அந்தரத்தில் நிற்கும். சிம்பலில் குச்சி நுனி மட்டும் மெல்ல உரசும். அந்தக் காலி இடத்தில் என் சுரம் வழுக்கிக்கொண்டு வந்து உட்காரும். உடனே அவன் இரண்டில் ஒரு போடு போடுவான். கேட்கிறவர்களுக்கு அடிவயிற்றை யாரோ லேசாகத் தூக்கி இறக்குவது போலிருக்கும். எத்தனை நூறு தடவை வாசித்தோமோ, அத்தனை தடவையும் எனக்கே சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை.

யாகூப்தான் அதற்குப் பெயர் வைத்தான். “இவரு ஒண்ணை விடுதாரு, விட்ட இடத்துல ஒண்ணுவிட்ட தம்பி வந்து விழுதான். இது ஒண்ணுவிட்ட அடிவே.”

சங்கரசுப்புவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஒண்ணுவிட்டதும் இல்ல, ரெண்டுவிட்டதும் இல்ல. அவன் என் தம்பி” என்றான். எங்கள் பக்கம் பெரியப்பா மகனைக் கூடப்பிறந்தவன் என்றுதான் சொல்வோம். ஒண்ணுவிட்ட என்பதெல்லாம் கோர்ட்டு, தாலுகா ஆபீஸில் முறை கேட்டால் சொல்கிற சொல். அன்றைக்கு அவன் சொன்னது என் நெஞ்சில் அப்படியே இருந்தது. ஆனால் அடியின் பெயர் மட்டும் ஊரில் நிலைத்துவிட்டது.

மற்ற குழுக்காரர்கள் கச்சேரிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தட்டிப் படிக்க ஆரம்பித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் கரிவலம்வந்தநல்லூர் சடங்கு வீட்டில்கூட ஒரு டிரம்காரன் ஒன்றை விட்டு அடித்தான். அடித்து என்ன? விட்ட இடத்தில் வந்து விழ ஆள் வேண்டாமா? பாட்டு பள்ளத்தில் இறங்கின பஸ் மாதிரி குலுங்கியது. தென்காசிக் குழுவில் பாதி பாட்டில் பாடுகிறவரே நிறுத்திவிட்டாராம். நானும் சங்கரசுப்புவும் அதைப் பேசிப் பேசி டீக்கடையில் சிரித்தோம்.

இன்னொன்றும் உண்டு. பாட்டு தொடங்க எல்லாரும் ஒன், டூ, த்ரீ என்பார்கள். சங்கரசுப்பு எண்ண மாட்டான். என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி “தம்பி” என்பான். அடுத்த நொடியில் இரண்டு பேரும் பாட்டுக்குள் இருப்போம்.

எண்பத்துமூன்று ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மதுரையிலிருந்து ஒரு பெரிய குழுவின் முதலாளி வந்து எங்கள் கச்சேரியைக் கேட்டார். நிகழ்ச்சி முடிந்து சங்கரசுப்புவிடம் தனியாகப் பேசினார். அவன் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“மதுரைக்குக் கூப்பிடுதாங்கடா. முதல்ல நான் போறேன். இடம் பாத்துட்டு கடுதாசி போடுதேன், நீ கிளம்பி வந்துரு.”

“என்னையும் கேட்டாங்களாண்ணே?”

“கிறுக்குப் பயலே, நீ இல்லாம நான் அங்கன போய் யாருக்குலே இடம் விடுவேன்?”

இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் தறி வேலையை விட்டேன். இளையரசனேந்தல் பையன் ஒருவன் என் இடத்துக்கு வந்துவிட்டான். யாகூப் வேறு டிரம்காரனைப் பிடித்து வந்து வாசிக்கக் கூப்பிட்டபோதும் மாட்டேன் என்றேன். அண்ணன் விட்ட இடத்தில் விழுகிற சுரத்தை வேறொருவனுக்கு வாசிப்பது எச்சில் இலையாகப் பட்டது. புத்தி போனது பாருங்கள்.

கடிதம் வரவில்லை. ஆவணி போய் ஐப்பசி போய் மார்கழியும் வந்தது. என் மனைவி இசக்கித்தாய், “போஸ்ட்மேனைப் பாத்துப் பாத்து ஒங்களுக்கு அவரு சாடையே வந்துட்டு” என்று கேலி செய்தாள். அவனுக்கு எழுத வராது, வேலை அதிகமாக இருக்கும் என்று நான் அவனுக்காக வாதாடினேன். பெட்டியில் அடுக்கிய சட்டைகளை அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தபோதும் வாதாடினேன்.

தையில் வாசுதேவநல்லூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். சாயங்காலம் நாலு மணிக்கு வரவேற்பு, மதுரைக் குழு கச்சேரி. கூடுதல் மைக் யாகூபுடையது. “வாரீரா?” என்று ஒரு மாதிரி கேட்டான். அவனுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது எனக்குச் சந்தோஷம்தான், அண்ணனை நேரில் பார்த்துக் கேட்டுவிடலாமே.

பந்தலின் பின்வரிசையில் நின்றேன். சங்கரசுப்பு பளபளக்கிற சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாவது பாட்டில் அந்த அடியை எடுத்தான். கால் அந்தரத்தில் நின்றது. யார் வந்து விழப் போகிறான், விழ முடியாமல் குலுங்கப் போகிறது என்று பார்த்தேன். என் சுரம் வந்து விழுந்தது. அதே வழுக்கல், அதே இமைப்பொழுது தாமதம். கூட்டம் தலையை ஆட்டியது.

பேஸ் வாசித்தவனுக்கு முப்பது வயதிருக்கும். இடது சுண்டுவிரலை மடக்கி வெள்ளை பிளாஸ்திரி போட்டிருந்தான். பாவம், இவனுக்கும் விரல் போயிருக்கிறது என்று நினைத்தேன். அந்த ஆத்திரத்திலும் அவனுக்காக இரங்கினேன். அவ்வளவு பெரிய கோட்டிக்காரன் நான்.

பெண் மாப்பிள்ளையைப் போட்டோ எடுக்க இடைவேளை விட்டார்கள். மேடைக்குப் பின்னால் போனேன். சங்கரசுப்பு கேசரித் தட்டோடு நின்றான். என்னைப் பார்த்ததும் கண் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

“வா வா. எப்ப வந்தே? காப்பி குடிக்கியா?”

“யாருண்ணே இவரு?” என்று கேட்டான் பேஸ்காரன். பெயர் அருள்தாஸ்.

“ஊர்க்காரன். நம்ம ஒண்ணுவிட்ட தம்பி.”

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் என்னை அந்தச் சொல்லால் சொல்லி அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

அருள்தாஸ் கேசரித் தட்டைப் பிடிக்க வசதியாகப் பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துப் பிரித்தான். உள்ளே சுண்டுவிரல் முழுசாக இருந்தது, நகத்தோடு. அதை மடக்கி நீட்டிச் சொடக்கு எடுத்தான்.

“விரலுக்கு என்ன?” என்றேன்.

“ஒண்ணுமில்லண்ணே. அண்ணன் கட்டிவிட்டது. இந்த விரல் ஓடி ஓடி முந்திக்கிருது, அந்த இழுப்பு வர மாட்டேங்குது. நாலு மாசமா இப்படித்தான் பழக்குறாரு. அண்ணன் சொந்தமா கண்டுபிடிச்ச டெக்னிக்.”

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நான் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். அருள்தாஸ் என் கையைப் பார்த்தான், தன் விரலைப் பார்த்தான், பிறகு சங்கரசுப்புவைப் பார்த்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

“என்னையே கூட்டிட்டுப் போயிருக்கலாமேண்ணே,” என்றேன். “பிளாஸ்திரி செலவு மிச்சம்லா.”

“அங்கன நோட்டு பாத்து வாசிக்கணும் நல்லகண்ணு. ஒனக்கு நோட்டு தெரியாதுல்லா. அவங்க கேட்டாங்க, நான் என்ன செய்ய?”

“அதை ஒரு கார்டுல எழுதிப் போட்டிருந்தா நான் தறி வேலையை விட்டிருக்க மாட்டேன்.”

“எழுத உக்காந்தேன். என்னன்னு எழுத?” என்றான். அவன் கண் கலங்கத்தான் செய்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நம்பவைத்துக் கழுத்தை அறுத்தவன் அழுதால் கழுத்து ஒட்டிக்கொள்ளுமா?

மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். சங்கரசுப்பு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினான். அருள்தாஸ் பிளாஸ்திரியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றான்.

“கட்டிக்கோரும்,” என்றேன். “இல்லன்னா சரியா வராது.”

அவன் தலையைக் குனிந்துகொண்டே கட்டினான். அவனும் போன பிறகு நான் பந்தல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். யாகூப் என் முதுகில் கை வைத்து, “போவோம்வே, மைக்கை நாளைக்கு வந்து எடுத்துக்கிடலாம். அஞ்சே முக்கால் பஸ்ஸைப் பிடிச்சிரலாம்” என்றான். சரி என்று திரும்பினேன்.

மேடையில் மெல்லிய குரலில், “தம்பி” என்றான் சங்கரசுப்பு.

என்னையறியாமல் நின்றுவிட்டேன். மூங்கில் மேல் என் மோதிர விரல் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போனது. விட்ட ஒன்றின் இடத்தில் சுரம் வந்து சரியாக விழுந்தது. அதை அருள்தாஸ் வாசித்திருந்தான்.