அக்கா மைக்கைப் பிடித்த சனிக்கிழமை

எங்கள் மெட்டல்கோர் இசைக்குழுவுக்கு ‘எலும்பு முறிவு’ என்று பெயர் வைத்தது நான்தான். பயங்கரமாக இருக்கும் என்று நினைத்தேன். இணையத்தில் பக்கம் தொடங்கிய முதல் மாதம் பதினோரு பேர் தொடர்பு கொண்டார்கள். அதில் ஒன்பது பேருக்கு மாவுக்கட்டு போட வேண்டியிருந்தது.

நாங்கள் மூன்று பேர். கிட்டார் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர். பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். டிரம்ஸ் வாசிப்பவரை எல்லோரும் ‘மெல்ல’ என்றுதான் கூப்பிடுவோம். நூலகத்தில் வேலை, ‘மெல்லப் பேசுங்க’ என்று நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி வந்த பெயர். மூன்றாவது நான். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன், குழுவில் தொண்டை கிழியக் கத்துபவன். பேஸ் கிட்டாருக்கு ஆள் கிடைக்கவில்லை. அது இல்லை என்பதை இதுவரை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இந்த இசை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிட்டாரும் டிரம்ஸும் தலைதெறிக்க ஓடும். ஒருவர் கத்துவார், நடுநடுவே ஒருவர் உருகிப் பாடுவார். பிறகு திடீரென்று எல்லாம் மெதுவாகி, கனத்து, பாறை உருள்வது போல இறங்கும். கேட்பவர்கள் காத்திருப்பதே அந்த இடத்துக்காகத்தான்.

எங்கள் முதல் வெளியீடு மூன்று பாடல்கள். அக்கா வீட்டுத் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நான் கத்த, அத்தான் பதிவு செய்தார். ‘இருளின் அரியணை’ என்று தலைப்பு. ஐம்பது குறுந்தகடுகள் போட்டோம். நாற்பத்து மூன்று இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. இணையத்தில் வந்த ஒரே விமர்சனம் இது: “பாடுறவருக்கு யாராவது தண்ணி குடுங்கப்பா.” அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வெளியீட்டுக்கு நாலு பாடல்கள். உண்மையான ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு சனிக்கிழமை மதியத்தைப் பிடித்தோம். அதற்கு மூன்று நாள் முன்பு என் குரல் போனது. தொண்டை மருத்துவர் என்ன செய்தேன் என்று கேட்டார். செய்து காட்டினேன், மிச்சமிருந்த குரலைக் கொண்டு. வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டதாகப் பிறகு நர்ஸ் சொன்னார். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று உத்தரவு.

கூடத்துக்காரர் தேதியை மாற்ற மறுத்துவிட்டார். இசையையாவது பதிவு செய்யலாம் என்று போனோம். நான் தாளில் எழுதிக் காட்டுவதை உரக்கப் படிக்க ஆள் வேண்டும் என்று அக்காவும் கூட வந்தாள். எட்டு வருடமாகத் தொலைபேசியில் வாடிக்கையாளர் புகார் கேட்கும் வேலை அவளுக்கு. வீட்டில்கூட அவள் குரல் ஏறி நான் கேட்டதில்லை.

மைக்கைச் சரிபார்க்க யாராவது ஏதாவது கத்துங்கள் என்றார் ஒலிப்பதிவாளர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொண்டையைக் காட்டினேன். அக்கா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு மைக்குக்குப் போனாள்.

அதைக் கத்தல் என்று சொல்ல மனம் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ பெயர்ந்து வந்தது. ‘மெல்ல’ டிரம்ஸ் குச்சியைத் தவறவிட்டார். ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“எங்க கத்துக்கிட்டீங்க?”

“கத்துக்கல. எட்டு வருஷமா ‘சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்’னு சொல்லிட்டு இருக்கேன்,” என்றாள் அக்கா, அவளுடைய வழக்கமான மென்குரலில்.

நான் எழுதிய வரிகளை அவளிடம் கொடுத்தார்கள். இருள், ரத்தம், அரியணை எல்லாவற்றையும் படித்துப் பார்த்தாள்.

“இது என்னடா? அரியணையெல்லாம் யாரு வீட்ல இருக்கு? இத என்னால கத்த முடியாது.”

தாளின் பின்பக்கத்தில் அவளே எழுதினாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. பாறை உருளும் இடத்தில், ‘இணைப்பில் காத்திருக்கவும்.’ நான் ஆட்சேபித்து மூன்று பக்கம் எழுதினேன். அத்தான் பொறுமையாகப் படித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாலு பாடல்களும் அன்றே முடிந்தன.

‘காத்திருக்கவும்’ என்ற தலைப்பில் வெளியானது. முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். ஒருவர், பழைய பாடகர் இறந்துவிட்டாரா என்று அனுதாபத்தோடு விசாரித்திருந்தார். இல்லை என்று நானே பதில் போட்டேன்.

ஆறு வாரம் கழித்துக் குரல் திரும்பியது. கோபத்தில் மேலும் ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்காததால் நானே அக்கா வீட்டுக்குப் போய், இது என் குழு என்று ஆரம்பித்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை.

“உன்னோடதுதான். அன்னைக்கு ஒரு நாள் உதவிக்கு வந்தேன், அவ்வளவுதான். நாளையிலேர்ந்து நீயே கத்து,” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

ஜெயித்துவிட்டேன். மறுநாள் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே அந்த நாலு பாடல்களையும் முதல்முறையாக முழுக்கக் கேட்டேன். அதுவரை என் குரல் எங்கே இல்லை என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். சின்ன வயதில் நான் எதை உடைத்தாலும் எனக்காக மன்னிப்புக் கேட்டவள் அவள். அதே வார்த்தைகளை எத்தனை பேரிடம், எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பாள் என்று அன்றுதான் உறைத்தது. கை தவறி ஒரு வாடிக்கையாளரின் வலது கண்ணைப் பாழாக்கினேன். கண்ணாடியில்தான்.

சாயங்காலம் நேரே அவள் அலுவலக வாசலுக்குப் போய் நின்றேன். வெளியே வந்தவளிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“எனக்குக் கத்த வராதுக்கா. நீ வந்தா இது குழு. நீ வரலன்னா நாங்க மூணு பேரு சத்தம் போடறோம்.”

அவள் சிரிக்கவில்லை. “வரேன். ஆனா நீயும் பாடணும். உருகிப் பாடற இடம் எனக்கு வராது,” என்றாள். அது எனக்கும் வராது என்பதை இருவருமே சொல்லவில்லை.

முதல் மேடை ஒரு ஞாயிறு மதியம், மேஜைப்பந்து விளையாடும் கூடத்தில். அக்காவோடு வேலை செய்யும் பதினைந்து பேர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். இரண்டாவது பாடலில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. பாறை உருளும் இடத்தில் அந்தப் பதினைந்து பேரும் சேர்ந்து கத்தியபோது கூரைத் தகரம் அதிர்ந்தது. என் பங்குக்குக் கண்ணை மூடி நாலு வரி உருகினேன். என் மைக் அணைந்திருந்தது என்பதைப் பிறகு அத்தான் பக்குவமாகச் சொன்னார். நன்றாக இருந்ததாக அதற்குள் இரண்டு பேர் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

இப்போது முதல் முழுத் தொகுப்புக்கு வேலை நடக்கிறது. வரிகளை நானும் அக்காவும் சேர்ந்துதான் எழுதுகிறோம். நான் எழுதியதில் பாதியை அவள் அடித்துவிடுகிறாள், மீதியைத் திருத்துகிறாள். போன வாரம் ஒரு வரியை மட்டும் அப்படியே விட்டுவைத்தாள்.